ஏரிக்கரையில் ஒரு பாசார் குரல்

லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி மாட்டவே இல்லை.

புத்ராஜெயா ஏரியின் படகுத்துறையில், வெயில் இன்னும் தண்ணீரைத் தொடாத நேரத்தில், பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடப்பக்கம் இறுக்குகிறது. வலப்பக்கம் காலிப் பை மாதிரி தொங்குகிறது. கரையில் கடை போட்டிருந்தவர்கள் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வேறு நாளாக இருந்தால் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கும். அன்று, கொக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ரெஜினா அக்கா வந்து பட்டையை வெடுக்கென்று இழுத்தார்.

"மூச்ச வெளிய விடு டீச்சர். படகு போட்டிக்கு வந்திருக்கோம், பொண்ணு பாக்க வரல."

டக்கென்று கொக்கி விழுந்தது. சுற்றிப் பார்த்தேன். எங்கள் பெண்கள் எல்லாரும் ஒரே ஆரஞ்சு நிறத்தில், பள்ளிச் சுற்றுலாவுக்குப் பஸ் ஏறப்போகும் பிள்ளைகளைப் போலக் கால் நிலைகொள்ளாமல் நின்றார்கள். அந்தத் தடித்த ஜாக்கெட்டுக்குள் யாருக்கு எந்தப் பக்க மார்பு இல்லை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எங்களுக்கே மறந்துபோயிருந்தது.

எல்லாரும் இருந்தோம், கலாவைத் தவிர. படகின் முன்னால் மேளத்தோடு உட்கார்ந்து எங்களை ஓட்ட வேண்டியவள், கயிறு கட்டிய எல்லைக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். முகக்கவசம், காதை மூடிய தொப்பி, பக்கத்தில் குடை பிடித்தபடி கணவன் சேகர். தண்ணீருக்கு அருகில் போகவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

ஏன் அந்த உத்தரவு என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் என் அறுவை சிகிச்சை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அழைத்து அழுத தோழிகளுக்கு ஒரு வார்த்தை: இந்த வாரம் அழுகை குறைவு.

மாடியில் ஓர் அறை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேலே எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் கூடும். கடைக்காரர் பழைய ஸ்டோர் ரூமை எங்களுக்காக ஒழித்துக்கொடுத்திருந்தார். புதுச் சேலைகளின் கஞ்சி வாசனை மாடிப்படி வரை வரும். ஜன்னலைத் திறந்தால் மோனோரெயில் போகிற சத்தம். மூடினால் கீழே கடையில் ஓடும் பாட்டு.

நான் முதன்முதலாக அங்கே போனபோது என் தையல் பிரித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கிள்ளானில் ஒரு தமிழ்ப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை. வலது பக்கம் எடுத்ததால் வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. வெண்பலகையின் மேல் பாதி காலியாகவே கிடக்கும். கீழ்ப் பாதியில் குனிந்து எழுதுவேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி ரொம்பக் கவலையாகக் கேட்டாள், "டீச்சர், நீங்க குள்ளமாயிட்டீங்களா?" என்று.

வீட்டில் நான் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. குளிக்கும்போது மேலே பார்த்துக்கொண்டே குளிப்பேன். குளியலறைக் கூரையில் எங்கெங்கே ஈரக்கறை இருக்கிறது என்று எனக்கு இன்றும் மனப்பாடம்.

அந்த அறையில் என்னை வரவேற்றவர் ரெஜினா அக்கா. செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் பாடகர் குழுவில் இன்றும் முன்வரிசை. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கப்பில் தேநீரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது, எந்த ஆஸ்பத்திரி என்று அவர் எதையும் கேட்கவில்லை.

"உன்னோடத பாத்தியா?" என்றார்.

தலையை ஆட்டினேன். இல்லை.

அவர் எழுந்து கதவைத் தாழ் போட்டார். சட்டையின் பித்தான்களைக் கழற்றினார். "இதப் பாரு. வருஷமாச்சு. இப்படித்தான் ஆறிப்போவும்" என்றார்.

ஒரு கோடு. அவ்வளவுதான். வெளிறிய, சற்றே கோணலான ஒரு கோடு. நான் கற்பனையில் வளர்த்து வைத்திருந்த பயங்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பயந்தும் போகவில்லை, அழவும் இல்லை. "கொஞ்சம் கோணலா இருக்கே அக்கா" என்றேன், வீட்டுப்பாடம் திருத்துகிற புத்தியில். அவர் சிரித்த சிரிப்பில் கீழே கடைக்காரர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்.

அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றேன்.

பேசாத பெண்

கலா வந்து சேர்ந்தது அதற்கு இரண்டு வருடங்கள் கழித்து. நான் அதற்குள் அந்த அறையில் பழைய ஆள். வருகிறவர்களுக்குத் தேநீர் போடுவது என் வேலை.

முப்பதைத் தாண்டிய பெண். அவளைச் சேகர் மாடிப்படி வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழே போய்விடுவான். அவள் ஜன்னலோரம் உட்காருவாள். துப்பட்டாவால் தலையை மூடியிருப்பாள். மருந்து ஏற்றத் தொடங்கி முடி கொட்டிவிட்டது என்று புரிந்தது. என்ன கேட்டாலும் ஒரு தலையசைப்பு. தேநீர் வேண்டுமா? தலையசைப்பு. வலிக்கிறதா? தலையசைப்பு. அவள் ஊமையோ என்று ஒரு சனிக்கிழமை சேகரிடமே கேட்டுவிட்டேன்.

அவன் பரிதாபமாகச் சிரித்தான். "அவளா டீச்சர்? கிள்ளான் பாசார் மாலாம்ல துண்டும் பெட்ஷீட்டும் விக்கிறோம். அவ கூப்புட்டா அந்தக் கடைசிக் கடையில மீ நூடுல்ஸ் சாப்டுறவன் எந்திரிச்சு வருவான். ஆப்பரேஷனுக்கு அப்புறம் வாயத் தொறக்கல. வீட்லயும் அப்டித்தான்."

பாசார் மாலாம் போகாதவர்கள் நம் ஊரில் இல்லை. அந்தச் சாயங்காலச் சந்தையில் கூச்சல் இல்லாவிட்டால் சாமான் வாங்கிய மாதிரியே இருக்காது. இந்த மெலிந்த பெண்ணா அப்படிக் கூவியிருப்பாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

படகு வந்த கதை

படகு யோசனை ரெஜினா அக்காவுடையது. மார்பு எடுத்த பெண்கள் டிராகன் படகு என்னும் நீளப் படகில் துடுப்புப் போடுவதை எங்கேயோ ஒரு வீடியோவில் பார்த்துவிட்டார். எங்களில் பாதிப் பேர் அந்தக் கையால் அரிசிப் பையைக்கூடத் தூக்காதவர்கள். கை வீங்கிவிடும் என்று பயம். எங்கள் டாக்டரம்மாவைக் கேட்டோம். ஆறின பிறகு மெல்ல மெல்லப் பழகினால் கைக்கு நல்லதே என்று அவர் ஒவ்வொருவரையும் சோதித்து அனுப்பினார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் கோச் டான். கப்பல் துறையில் வேலை பார்த்த மனிதர், பொறுமைசாலி. எங்களைப் பார்த்த பிறகு அவர் பொறுமை தேய்ந்தது.

டிராகன் படகில் விஷயம் ஒன்றுதான்: எல்லாத் துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்க வேண்டும். எங்களுக்கு அதுதான் வரவில்லை. பின்னால் இருப்பவரின் துடுப்பு முன்னால் இருப்பவரின் முதுகில் இடிக்கும். ஒருவர் ஒன்று இரண்டு என்று எண்ணுவார், ஒருவர் மலாயில் சத்து துவா என்பார், ஒருவர் முருகா என்பார். படகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும்.

"சேம் டைம் லா ஆன்டி, சேம் டைம்!" கோச் டான் கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

கலாவும் வேடிக்கை பார்க்க வருவாள். சேகர்தான் கூட்டிவருவான், காற்றாவது படட்டும் என்று. துறையின் மரப்பலகையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் வழக்கத்தைவிட மோசம். படகு துறையை நோக்கி வர வேண்டியது. எங்கள் துடுப்புகளின் குளறுபடியில் அது ஏரியின் நடுவை நோக்கிப் போனது. ஆளாளுக்குக் கத்தினோம். அப்போது துறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"மாரீ! மாரீ! மாரீ!"

நான் திரும்பிப் பார்த்தேன். கலா எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்து, மறு கையை மேலிருந்து கீழே வெட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஏரியின் அடுத்த கரையில் நடைப்பயிற்சி போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

பாசாரில் வாடிக்கையாளர்களை அழைக்கும் கூப்பாடு அது. மலாய்க்காரர்களுக்கு அது 'வாங்க' என்பது. எங்களுக்கு அம்மன் பெயர். உடம்பு தானாகக் கேட்டது. அவள் 'மா' என்றபோது துடுப்பு இறங்கியது, 'ரீ' என்றபோது எழும்பியது. படகு ஒரு முறை உலுக்கிக்கொண்டு நேராகச் சீறியது. அதுவரை நாங்கள் படகில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். படகு ஓடுவது என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

துறையைத் தொட்டதும் கோச் டான் எங்களைத் தாண்டி அவளிடம் ஓடினார். "யூ! யூ சிட் இன் ஃப்ரன்ட்!"

சேகர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ரெஜினா அக்கா படகிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னார், "உங்களுக்கெல்லாம் மாரி. எனக்கு மரியேன்னு கேட்டுச்சு. எப்டியோ படகு போவுது."

தொண்டைதான் கடை

அதற்குப் பிறகு கலா பேசாத நேரமே இல்லை. முன் இருக்கையில் மேளத்தோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்தபடி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டுவாள். துடுப்புப் போட இன்னும் அனுமதி இல்லை, உட்கார்ந்து கூப்பிடுவதற்கென்ன என்று நாங்களும் விட்டுவிட்டோம். கன்னத்தில் சதை ஏறியது. துப்பட்டாவை எடுத்துவிட்டாள். மொட்டைத் தலையில் பொடிப் பொடியாக முடி எட்டிப் பார்த்தது. போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். எனக்கு வகுப்பில் பாடம் நடத்தும்போதே கால் தாளம் போட்டது.

அந்தப் பொடி முடியைப் பார்த்தே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். மருந்து ஏறிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு முடி எப்படி முளைக்கும்? சந்தோஷத்தில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

சேகர்தான் சொன்னான். ஒரு சனிக்கிழமை நான் கீழே பால் வாங்கப் போனபோது, சாப்பாட்டுக் கடை வாசலில் என்னை நிறுத்தினான்.

"டீச்சர், அவ மருந்து ஏத்துறத நிறுத்திட்டா. ரெண்டு தடவ ஏத்துனதோட சரி. ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்தா எடுக்க மாட்டேங்குறா. நான் சொன்னா, ரேஸ் முடியட்டும்ங்குறா."

பாலை வாங்காமலே மேலே போனேன். ரெஜினா அக்காவிடம் காதில் சொன்னேன். அவர் காதில் எல்லாம் பேசுகிற ஆள் கிடையாது.

"கலா, ட்ரீட்மென்ட்ட நிறுத்திட்டியா?"

கலா சேகரைத் தேடுவது போல மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

"ஆமாக்கா. நிறுத்திட்டேன். அத ஏத்துனா வாயெல்லாம் புண்ணு. தண்ணி எறங்காது. சத்தம் வராது. என் தொண்டதான் என் கட. ஆப்பரேஷன்ல போனது சட்டைக்குள்ள போச்சு, யாருக்கும் தெரியல. தொண்ட போனா நான் யாரு?"

"டாக்டர்கிட்ட சொன்னியா, வாய்ப்புண்ண?"

"அவங்க 'ஓக்கேயா'ன்னாங்க. நான் 'ஓக்கே'ன்னுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் எல்லாருமே டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து அந்த 'ஓக்கே'யைச் சொன்னவர்கள்.

"ரேஸ் முடிஞ்சதும் போறேன்க்கா. சத்தியமா. இப்பப் போனா டாக்டர் தண்ணிகிட்டயே விட மாட்டாங்க. நான் இல்லாம எப்டிப் போவீங்க?"

அவள் சொன்னது உண்மை. அவள் இல்லாமல் நாங்கள் நண்டு. எல்லாரும் ரெஜினா அக்காவைப் பார்த்தோம்.

"நண்டு மாதிரி போவோம்" என்றார் அவர். "கடைசியா வருவோம். கவுந்தாலும் ஜாக்கெட் இருக்கு. நீ திங்கட்கெழம என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்ற."

கலா அழத் தொடங்கினாள். நாங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டோம். அதன் பிறகு நடந்தது உபதேசம் இல்லை, சமையல் குறிப்பு மாதிரி ஒன்று. எனக்கு வாய் வெந்துபோனபோது ஆறிய அரிசிக் கஞ்சிதான் இறங்கியது என்றேன். ஒருத்தி உப்புத் தண்ணீரில் கொப்பளித்ததைச் சொன்னாள். மருந்து ஏறும்போது ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள், எனக்குப் புண் குறைந்தது, உனக்கு ஆகுமா என்று டாக்டரைக் கேட்டுப் பார் என்றாள் இன்னொருத்தி. யார் யார் எந்த முறை கூடப் போவது என்று அங்கேயே பேசி முடித்தோம். கலா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

திங்கட்கிழமை ரெஜினா அக்கா கூடப் போனார். டாக்டரம்மா திட்டவில்லையாம். "வந்துட்டீங்க இல்ல, அது போதும்" என்றாராம். இந்தத் தடவை 'ஓக்கேயா' என்ற கேள்விக்குக் கலா வாயைத் திறந்து காட்டி, தன் தொழிலையும் சொன்னாள். அவர் மருந்தையும் வாய்க்கழுவியையும் யோசித்து எழுதிக்கொடுத்தார், ஐஸுக்கும் சரி என்றார். ரத்தம் சோதித்து, நாள் குறித்தார்கள். போட்டி நடக்கும் அதே வாரம். மருந்து ஏறினால் கிருமி எளிதாகத் தொற்றும், ஏரித் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்றார்கள்.

அந்த நீளமான ஏரி

ஆகவே கலா கயிற்றுக்கு அந்தப் பக்கம். அவள் இடத்தில் ரெஜினா அக்கா. நான்காவது வரிசையில் நான், துடுப்பைப் பிடித்த கை வியர்த்து வழுக்க.

விசில் ஊதினார்கள்.

முதல் கொஞ்ச தூரம் அருமையாகப் போனோம். ரெஜினா அக்கா மேளத்தை அடித்து "மாரி" என்றார், ஆனால் கோயில் பாட்டுக் குரலில், இழுத்து, இனிமையாக. நாங்களும் இழுத்துப் போட்டோம். பக்கத்துப் படகு எங்களைக் கடந்தபோது அதன் அலை வந்து மோதியது. யாரோ ஒரு துடுப்பைத் தவறவிட்டார்கள். என் துடுப்பு முன்னால் இருந்தவர் முதுகில் இடித்தது. எனக்குப் பின்னால் இருந்தவர் என்னை இடித்தார். படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு கரையைப் பார்த்தது.

போச்சு என்று நினைத்தேன். தண்ணீர் முகத்தில் அடித்தது, வலது தோள் எரிந்தது. ரெஜினா அக்காவின் வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை.

"மாரீ!"

கரையிலிருந்து.

"மாரீ! மாரீ!"

கலா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கரையோர நடைபாதையில் எங்களோடு வேகமாக நடந்துகொண்டிருந்தாள். குடையோடு சேகர், அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் சுவர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தான். அவள் கை மேலிருந்து கீழே வெட்டியது. நாங்கள் அந்தக் கையைப் பார்த்தோம். துடுப்புகள் ஒன்று சேர்ந்தன.

அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. கரையில் நின்ற மலாய்ப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை புரிந்தது. வா, வா என்று ஒரு பெண் கத்துகிறாள், படகு தள்ளாடுகிறது, வேறென்ன வேண்டும்? அவர்களும் கத்தினார்கள். வாழைப்பழம் பொரித்த அம்மா கரண்டியோடு வந்து கத்தினார். சைக்கிளில் வந்தவர்கள் நிறுத்திக் கத்தினார்கள். கோச் டான் நாற்காலி மேல் ஏறிவிட்டார். ஏரிக்கரை முழுக்க ஒரே வார்த்தை. மலாயில் வாங்க என்று, தமிழில் அம்மா என்று, ரெஜினா அக்காவுக்கு மட்டும் மரியே என்று.

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்குத் தெரியாது. இழுத்தேன். கோடு தாண்டியது தெரியாமல் இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தோம். அக்கா மேளக் குச்சியால் படகைத் தட்டி நிறுத்தினார்.

மூன்றாவதாக வந்தோம். ஓடியது நான்கு படகுகள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கலா கவசத்தை ஏற்றிக்கொண்டு நின்றாள். சொட்டச் சொட்ட நனைந்த நாங்கள் அவளைக் கட்டிப்பிடிக்கக் கூடாது. வெண்கலப் பதக்கத்தை ரெஜினா அக்கா சேகர் கையில் கொடுத்து, "நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு அவ கழுத்துல போடு" என்றார்.

ஒரு தொலைபேசி அழைப்பு

மருந்து எல்லாம் ஏறி முடிய மழைக்காலம் வந்துவிட்டது. புண் வரத்தான் செய்தது, முன்பு போல இல்லை. சில வாரங்கள் அவள் குரல் காற்றாகத்தான் வந்தது. அப்போதும் சனிக்கிழமை வந்து, தாளில் எழுதி எங்களைத் திட்டினாள். பிறகு ரேடியேஷன். ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருத்தி அவளோடு இருந்தாள்.

வகுப்பில் நான் கைப்பேசியைத் தொடுவதில்லை. அன்று மேசை மேல் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. கலாவின் பெயர். பரிசோதனைக்குப் போயிருக்கிறாள் என்று தெரியும். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு நடைவழிக்கு வந்தேன்.

"டீச்சர்."

"சொல்லு கலா."

"எல்லாம் கிளியர். டாக்டரம்மா தண்ணில போலாம்னுட்டாங்க. முன்னாடி உக்கார்றதுக்கு மட்டும் இல்ல. கை ஆறிடுச்சாம். துடுப்புப் போடலாம்னுட்டாங்க, டீச்சர்."

அவள் சொன்னது எனக்கு மட்டும் கேட்கவில்லை. பாசார் மாலாமின் கடைசிக் கடைவரை எட்டும் குரல் அது. வகுப்புக்குள் வாசிப்பு நின்றுபோனது. ஜன்னலில் வரிசையாகத் தலைகள். திரும்பி உள்ளே போனேன். இருபத்தைந்து பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு டீச்சர் அது?"

"எனக்குப் பக்கத்துல உக்காந்து துடுப்புப் போடப் போறவங்க" என்றேன்.